செப்புக் கம்பி கட்டிய கார்டு

வெங்கிடேஷுக்கு இன்னும் ஒரே ஒரு சாமான்தான் வேண்டியிருந்தது.

மற்றதெல்லாம் சேர்ந்துவிட்டது. மஞ்சளேறிய இரும்புப் பெட்டி, திருப்பூணித்துறையில் மூடிப்போன ஒரு டியூஷன் சென்டரின் பரணிலிருந்து கிடைத்தது. பென்டியம் டூ ப்ராசசரை பெங்களூரிலிருந்து ஒருவர் கூரியரில் அனுப்பினார். பிக்சர் டியூப் மானிட்டரை அவனும் மனைவி மாளவிகாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, படிக்கட்டுத் திருப்பத்தில் சுவரை உரசி, மூச்சு வாங்க மாடிக்கு ஏற்றினார்கள். வாரநாட்களில் அவனுக்கு எறணாகுளத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் நெட்வொர்க் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டாஞ்சேரி சேர்லாய் வீட்டின் மாடி அறையில் உட்கார்ந்து, தொண்ணூற்றொன்பதில் இதே வீட்டில் இருந்த கம்ப்யூட்டரை அப்படியே மறுபடி கட்டிக்கொண்டிருந்தான். திரையில் படத்தைக் காட்டும் கிராபிக்ஸ் கார்டு மட்டும்தான் பாக்கி.

"அதான் ஒண்ணு மாட்டி ஓடறதே" என்றாள் மாளவிகா.

"இது ரெண்டாயிரத்து மூணுல வந்த கார்டு. தொண்ணூத்தொம்பது பெட்டிக்குள்ள இது எப்படி இருக்கும்?"

"யாருக்குத் தெரியப் போறது?"

"நேக்குத் தெரியுமே."

அந்த வருடத்துக்குப் பொருந்துகிற கார்டுகள் இரண்டு மூன்று இருந்தன. ஒன்று எழுத்துகளைக் கண்ணாடி போலக் காட்டும், ஆனால் விளையாட்டில் தடுமாறும். இன்னொன்று எல்லாவற்றையும் சுமாராகச் செய்யும். வெங்கிடேஷுக்கு வேண்டியது வூடூ த்ரீ. அன்றைய சில விளையாட்டுகள் அந்தக் கார்டுக்காகவே எழுதப்பட்டவை. அது இருந்தால்தான் தண்ணீர் தண்ணீராகவும் புகை புகையாகவும் தெரியும். வீட்டில் அன்றைக்கு இருந்ததும் அதுதான். இணையத்தில் தேடினான், சேகரிப்பாளர்களின் குழுக்களில் கேட்டான், இரண்டு முறை ஏலத்தில் கோட்டைவிட்டான். சாப்பிட உட்கார்ந்தால் அதே பேச்சு. அவன் அம்மா கமலாக்ஷி ரசத்தை ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். எதுவும் சொல்ல மாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா மாடிக்கு வந்தாள். முட்டுவலிக்காரி, மாடி ஏறி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். படிகளில் அவள் நின்று நின்று வரும் சத்தம் கேட்டு வெங்கிடேஷ் எழுந்து போவதற்குள் அவளே வாசலுக்கு வந்துவிட்டாள். கையில் பழைய வேஷ்டித் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"இத்தனை நாளா தேடறயே. இதுவா பாரு."

துணியைப் பிரித்தான். பச்சைப் பலகை. நடுவில் கறுப்பான சிறு அலுமினியத் தகடு, அதன் மேல் விரல் நீளத்துக்கு ஒரு குட்டி மின்விசிறி. விசிறியைத் தகட்டோடு சேர்த்து, மோட்டாரிலிருந்து உருவிய செப்புக் கம்பியால் நாலு மூலையிலும் முறுக்கிக் கட்டியிருந்தது.

அந்தக் கம்பிக் கட்டு அவனுக்குத் தெரியும். கொச்சி வெக்கையில் கார்டு கொதித்துக் கம்ப்யூட்டர் நின்று நின்று போனபோது, அப்பாவின் அச்சாபீசில் வேலை பார்த்த இசக்கிராஜா, உடைந்த டேப் ரிக்கார்டர் ஒன்றைப் பிரித்து அந்தக் கம்பியை எடுத்துக் கட்டினான். வெங்கிடேஷ் பக்கத்தில் இருந்து டார்ச் அடித்தான்.

இது வேறு கார்டு அல்ல. அதே கார்டு.

"எங்கேந்து வந்தது இது?"

"கொலுப் பெட்டில இருந்தது. தசாவதார செட்டுக்கு அடியில."

"அங்கே எப்படி வந்தது?"

"நான்தான் வச்சேன்" என்றாள் அம்மா. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, சர்க்கரை டப்பாவை எங்கே வைத்தேன் என்று சொல்வது போலச் சொன்னாள். "நோக்கு அப்போ மூணு பேப்பர் பாக்கி. ராத்திரி பகல் அதுக்கு முன்னாலயே கெடந்தே. எடுத்து வச்சேன். பின்னே நீ பாஸானியே."

வெங்கிடேஷுக்குக் கையில் இருந்த சாமான் திடீரென்று கனத்தது. அதை மேசையில் வைக்கக்கூடத் தோன்றவில்லை.

"அம்மா, இதுக்காக அப்பா இசக்கியை அடிச்சார்."

அம்மா புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க அன்னிக்கு ஆத்துல இருந்தேளா?"

"அடுக்களைல இருந்தேன்" என்றாள். பிறகு திரும்பி, சுவரைப் பிடித்தபடி படியிறங்கத் தொடங்கினாள்.

அந்த நாள் வெங்கிடேஷுக்கு நன்றாக நினைவிருந்தது. மழைக்காலம். அப்பா வீட்டின் முன்கட்டில் கல்யாணப் பத்திரிகையும் பில் புக்கும் அடித்துக்கொண்டிருந்தார். வடிவமைப்பதற்காகத்தான் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கியிருந்தார். வண்ணம் துல்லியமாக வர நல்ல கார்டு வேண்டும் என்று சொல்லி அதில் வூடூவைப் போட வைத்தது வெங்கிடேஷ். ஒரு காலையில் விளையாட்டு எதுவும் ஓடவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தால் நல்ல கார்டு இல்லை; மூலையில் கிடந்த பழைய கார்டு ஒன்று, கார்டு செருகும் இன்னொரு பள்ளத்தில் ஒழுங்காக மாட்டியிருந்தது. எழுத்து வேலைக்கு அது போதும். அச்சாபீசில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

"இதெல்லாம் கழட்டி மாட்ட யாருக்குடா தெரியும்?" என்று அப்பா கேட்டார்.

"நேக்கும் இசக்கிக்கும்தான்" என்றான் வெங்கிடேஷ். கேட்டதற்குச் சொன்ன பதில்தான். அது போதுமாக இருந்தது.

இசக்கிராஜா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவன். அச்சாபீசில் பைண்டிங் பார்த்த தாய்மாமா சுப்புராஜ்தான் அவனைக் கூட்டிவந்து சேர்த்துவிட்டார். மழை நின்ற முற்றத்தில் அப்பா அவனை அறைந்தார். அப்பா நிறுத்திய பிறகு சுப்புராஜ் செருப்பைக் கழற்றினார். "ஒன்ன நம்பிக் கூட்டியாந்தேன்ல" என்று சொல்லிச் சொல்லி அடித்தார். சாயங்காலம் இசக்கி தன் துணிப் பெட்டியோடு போனான். அடுத்த மாதம் சுப்புராஜும் முகம் காட்ட முடியாமல் வேலையை விட்டார்.

கார்டு கிடைத்த அன்று ராத்திரி வெங்கிடேஷ் சாப்பிட இறங்கவில்லை. கீழே போய்ச் சொல்லிவிட்டு வந்த மாளவிகா கட்டிலில் உட்கார்ந்து அந்தக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? இந்தப் பெட்டிக்குள்ள இத்தனை பலகை இருக்கு. எதைக் கழட்டினா விளையாட்டு மட்டும் நிக்கும், எழுத்து வேலை நிக்காதுன்னு அம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சது?"

அவன் அவளையே பார்த்தான். அந்தக் கேள்வி அவனுக்குத் தோன்றவே இல்லை. காலையில் அம்மாவிடம் கேட்டான். அவள் விளக்குத் திரியைத் திரித்துக்கொண்டே, "எல்லாம் ஆச்சே, இனி எதுக்கு அதெல்லாம்" என்றாள்.

எறணாகுளம் மார்க்கெட்டில் பூ விற்கும் ஒச்சம்மாள் சுப்புராஜின் ஊர்க்காரி. இசக்கியைப் பற்றி அவளிடம் விசாரித்தபோது, சுப்புராஜ் மகளோடு ஏலூரில் இருப்பதாகச் சொன்னாள். "அவரு அக்கா மகனும் அங்கனதான் கடை வச்சிருக்கான். கேமரா மாட்டுத கடை."

வெங்கிடேஷால் நம்ப முடியவில்லை. இசக்கி அன்றைக்கே ஊருக்குப் போய்விட்டான் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தான். மட்டாஞ்சேரியிலிருந்து காரில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாத இடத்தில் அவன் இருந்திருக்கிறான்.

ஏலூரில், உரத் தொழிற்சாலைக்குப் போகும் சாலையோரம், சிறிய கடை. கண்காணிப்புக் கேமரா, இன்வெர்ட்டர், டிவி ரிப்பேர் என்று மலையாளத்தில் பலகை. உள்ளே ஒரு ஆள் குனிந்து ஏதோ பலகையில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தான். தலை பாதி நரைத்திருந்தது.

"இசக்கி."

அவன் நிமிர்ந்தான். பற்றவைப்புக் கோலை அதன் தாங்கியில் மெதுவாக வைத்தான். "வெங்கிடேஷண்ணா" என்றான். கேள்வியாகச் சொல்லவில்லை.

வெங்கிடேஷ் பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைத்தான். இசக்கிராஜா கார்டைத் தொடவில்லை. செப்புக் கம்பியைப் பார்த்தான்.

"அம்மாகிட்ட இருந்தது. கொலுப் பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தா. முந்தாநாள்தான் எனக்குத் தெரிஞ்சது. நீ எடுக்கலை இசக்கி. நீ எடுக்கலைன்னு..."

"நான்தான் எடுத்தேன்" என்றான் இசக்கிராஜா.

வெளியே டேங்கர் லாரி ஒன்று கடந்து போனது.

"அம்மா கூப்பிட்டாங்க. 'அவன் விளையாடுதது எதுனால ஓடுது, அத மட்டும் எடுத்துத் தா, அச்சாபீஸ் வேலை நிக்கக் கூடாது'ன்னாங்க. பரீட்சை முடிஞ்சதும் திருப்பி மாட்டிரலாம், யார்ட்டயும் சொல்லாதன்னு சொன்னாங்க. நல்லதுக்குத்தான சொல்லுதாங்கன்னு எடுத்துக் குடுத்தேன். விரல் படாம ஓரத்தப் பிடிங்கம்மான்னு சொல்லிக்கூடக் குடுத்தேன்."

வெங்கிடேஷ் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். உட்காரும்போது கால் தடுக்கி ஒரு ஒயர்ச் சுருள் உருண்டது.

"அப்பா அடிச்சப்போ ஏன் சொல்லலை?"

"அம்மா சொல்லுவாங்கன்னு நெனச்சேன்." இசக்கிராஜா குரலை உயர்த்தவில்லை. "அடுக்களை வாசல்லதான் நின்னாங்க. சேலை தெரிஞ்சுச்சு. மொதலாளி அடிக்கயில நான் அந்த வாசலையே பாத்துட்டு நின்னேன். இப்ப வந்து சொல்லிருவாங்க, இப்ப வந்து சொல்லிருவாங்கன்னு. மாமா செருப்பக் கழட்டினப்பதான் சேலை உள்ள போச்சு."

"ஐயோ."

"களவாங்கலன்னு மட்டும் சொன்னேன். யாரு எடுக்கச் சொன்னான்னு சொல்லல. சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருந்தேன். பத்தொம்பது வயசு, வாக்குன்னா பெரிய சாமான்னு நெனச்சிருந்தேன்."

வெங்கிடேஷ் உருண்ட ஒயர்ச் சுருளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அம்மா ஒளித்ததும், பேசாமல் இருந்ததும் தெரிந்தபோதே ஆடிப்போயிருந்தான். ஆனால் அவள் சொல்லித்தான் ஒருவன் செய்தான், அந்த ஒருவன் அவள் கண்ணெதிரில் அடிபட்டான் என்பது அவன் கற்பனைக்கு எட்டாத ஒன்றாக இருந்தது. அந்தப் பரீட்சையில் தேறித்தான் அவனுக்கு வேலை கிடைத்தது. வேலை கிடைத்துத்தான் கல்யாணம், இந்த மாடி, இந்தப் பொழுதுபோக்கு எல்லாம்.

"என்னை மன்னிச்சுடு. நான்தான் உன் பேரைச் சொன்னேன்."

"உங்க மன்னிப்ப வச்சு நான் என்ன செய்ய?" என்றான் இசக்கிராஜா. கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே அதை என்ன செய்வதென்று தெரியாதவன் போலச் சொன்னான். "மாமா இங்கனதான் இருக்காரு. எங்க வீட்டுக்கு நாலாவது வீடு. இன்னைக்கு வரைக்கும் எங்க வாசப்படிய மிதிச்சதில்ல. எம் பொண்ணு காதுகுத்துக்குப் போய்க் கூப்பிட்டேன், கதவத் தொறக்கல. அம்மா வந்து அவர்ட்ட ஒரு வார்த்தை சொல்லட்டும். வேற ஒண்ணும் வேண்டாம்."

வெங்கிடேஷ் கார்டைக் கடை மேசையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நேராக அடுக்களைக்குள் நுழைந்தான். அம்மா அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நீங்கதான் இசக்கியைக் கழட்டித் தரச் சொன்னேளா?"

அவள் கை நின்றது. "அவன் சொல்லிட்டானா?"

"நான் போய் அவன் முன்னாடி நின்னப்பறம் சொன்னான். இத்தனை வருஷம் ஒருத்தர்ட்ட சொல்லலை."

"உங்கப்பாவோட கோவம் நோக்குத் தெரியாதா? என் பேச்சைக் கேட்டு வேலைக்காரப் பையன் சாமானைக் கழட்டினான்னு தெரிஞ்சா என்னை என்ன பண்ணியிருப்பார்?"

"சரி. அப்பா போனப்பறம்?"

அம்மா முறத்தைத் தன் பக்கம் இழுத்தாள். ஆய்ந்த காயையும் நாரையும் ஒன்றாகக் குவித்துவிட்டு, அதைப் பிரிக்கத் தெரியாதவள் போல உட்கார்ந்திருந்தாள்.

"அவன் மாமாட்ட வந்து சொல்லணுமாம்" என்றான் வெங்கிடேஷ்.

"என்னால முடியாதுடா."

இரண்டு நாள் அந்த வீட்டில் அம்மாவும் பிள்ளையும் பேசிக்கொள்ளவில்லை. மாளவிகாதான் இருவருக்கும் தனித்தனியாகப் பரிமாறினாள். மூன்றாம் நாள் காலை, வெங்கிடேஷ் ஆபீசுக்குக் கிளம்பும்போது அம்மா முன்கட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். குளித்து, கஞ்சி போட்ட புடவை கட்டி, செருப்பும் போட்டுக்கொண்டிருந்தாள்.

"லீவு சொல்லிடு" என்றாள்.

ஏலூரில் இசக்கிராஜாவின் வீட்டு வாசலில் அவன் மனைவி செல்வலட்சுமி நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது பார்வையிலேயே தெரிந்தது. உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"நீங்கதானா அது" என்றாள் கமலாக்ஷியைப் பார்த்து. "ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கிடுங்க. இவரு ஒரு வீட்டுல போயி டிவி சரி பண்ணினாலும், கேமரா மாட்டினாலும், வேலை முடிஞ்சு கெளம்பயில கருவிப் பையத் தொறந்து அந்த வீட்டுக்காரங்களுக்குக் காட்டுவாரு. யாரும் கேக்க மாட்டாங்க. இவராத்தான் காட்டுவாரு. 'என்ன சேட்டா இது'ன்னு அவுகளே கூச்சப்படுவாக. நான் எத்தனையோ தடவ சண்ட போட்டுட்டேன். இன்னும் நிறுத்தல."

கமலாக்ஷி இசக்கிராஜாவைப் பார்த்தாள். அவன் வேறெங்கோ பார்த்தான். "வாங்க" என்று மட்டும் சொல்லி முன்னால் நடந்தான். நாலாவது வீட்டின் கேட்டுக்கு வெளியே, சாலையிலேயே நின்றுகொண்டான்.

சுப்புராஜ் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கமலாக்ஷியை அடையாளம் தெரிந்ததும் பதறி எழுந்தார். "மொதலாளியம்மா! நீங்க இவ்வளவு தூரம்..."

அவள் கேட்டருகே நின்று தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். அவர் காதில் கையைக் குவித்தார். "என்ன சொல்லுதீய?"

மறுபடி சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். "காது போயிருச்சும்மா. சத்தமாச் சொல்லுங்க."

வெங்கிடேஷ் முன்னால் வந்தான். தானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். அம்மா கையை நீட்டி அவனைத் தடுத்தாள். கேட்டின் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"இசக்கி திருடலை!"

அம்மாவிடமிருந்து அப்படியொரு சத்தத்தை வெங்கிடேஷ் தன் ஆயுளில் கேட்டதில்லை. அப்பா இருந்த காலத்தில் அவள் பேச்சு பக்கத்து அறைக்குக்கூடக் கேட்டதில்லை. எதிர்வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்தினாள்.

"என்னது?" என்றார் சுப்புராஜ்.

"இசக்கி திருடலை! நான்தான் எடுக்கச் சொன்னேன்! நான் சொல்லித்தான் எடுத்தான்! சாமான் என்கிட்டதான் இருந்தது! அவனை அடிச்சப்போ நான் பார்த்துண்டு நின்னேன்! வாயைத் தொறக்கலை!"

கடைசி வார்த்தைகளில் குரல் கிழிந்தது. பக்கத்து வீடுகளில் கதவு திறந்தது. "எந்தா, எந்து பற்றி?" என்று யாரோ மலையாளத்தில், என்ன ஆயிற்று எனக் கேட்டார்கள்.

சுப்புராஜின் கையிலிருந்த பேப்பர் நழுவியது. அவர் கமலாக்ஷியின் முகத்தை, அவள் வாயை, இப்போதுதான் அது பேசியதா என்பது போலப் பார்த்தார். பிறகு அவள் தோளுக்கு மேலாகச் சாலையைப் பார்த்தார்.

"ஏம்ல" என்றார். "எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"சொன்னேன் மாமா" என்றான் இசக்கிராஜா. "களவாங்கலன்னு சொன்னேன். நீ செருப்பக் கையில வச்சிருந்த."

அவன் மெதுவாகத்தான் சொன்னான். அவருக்குக் கேட்டிருக்க முடியாது. ஆனால் அவர் முகம் கோணியது. செருப்புப் போடாமலே படியிறங்கினார். கேட்டைத் திறக்கத் தெரியாமல் தாழ்ப்பாளை மேலும் கீழும் ஆட்டினார், கமலாக்ஷிதான் திறந்துவிட்டாள். அவளைத் தாண்டி, இசக்கிராஜாவையும் தாண்டி, சுவரைத் தடவியபடி நடந்து, நாலு வீடு தள்ளி இருந்த வாசலுக்குப் போய் நின்றார். செல்வலட்சுமி வழிவிட்டு ஒதுங்கினாள். படியில் கால் வைக்கும் முன் அவர் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். இசக்கிராஜா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான்.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து ஒரு கிழவர் வாய்விட்டு அழும் சத்தம் வந்தது.

அம்மாவும் பிள்ளையும் சாலையில் நின்றார்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை. துணி உலர்த்திய பெண் அம்மாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அம்மா அந்தப் பார்வைக்கு முகத்தைத் திருப்பவில்லை. அது முடியும்வரை நின்றாள்.

திரும்பும் வழியில் அவளுக்குக் குரல் வரவில்லை. பாலத்தில் நெரிசலில் கார் நின்றபோது, கிசுகிசுப்பாக, "அவன் பொண்ணு பேர் என்னன்னு கேட்டியா?" என்றாள்.

"இல்லை."

"கேட்டிருக்கணும்" என்றாள்.

இசக்கிராஜா அதற்குப் பிறகு வெங்கிடேஷை அழைக்கவில்லை. வெங்கிடேஷும் அழைக்கத் துணியவில்லை. ஒரு மாதம் கழித்து மார்க்கெட்டில் பூ வாங்கப் போன மாளவிகாவிடம் ஒச்சம்மாள் சொன்னாளாம்: சுப்புராஜ் இப்போதெல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்கு இசக்கிராஜா வீட்டுக்குத்தான் போகிறாராம், கூட இருக்கும் மகளுக்கு அதில் கொஞ்சம் வருத்தமாம்.